கட்டுப் பிரிக்கும் வேளை: தீக்காய வலியும் அறிதுயிலும்



அறிதுயில், அதாவது ஹிப்னாடிசம், என்றதும் மேடையில் ஒருவரை மயக்கி வேடிக்கை காட்டும் நிகழ்ச்சிதான் பலருக்கு நினைவுக்கு வரும். நாம் இன்று பேச வந்திருப்பதோ டிரஸ்ஸிங் அறையைப் பற்றி.

தீக்காயம் பட்டவருக்கு, அசையாமல் படுத்திருந்தாலும் விடாத வலி ஒன்று உண்டு. அதை மார்பின் போன்ற மருந்துகளால் ஓரளவு அடக்கிவிடுகிறோம். கட்டுப் பிரிக்கும்போது வரும் வலிதான் ஆளைக் குலைத்துவிடுகிறது. புண்ணில் ஒட்டிய காஸ் துணியை உப்புநீரால் நனைத்து நனைத்து எடுக்க வேண்டும். செத்த தோலை நீக்க வேண்டும். அடுத்த டிரஸ்ஸிங்கிலும் இதே பாடு. சில நாட்களில், டிராலியின் சக்கர ஓசை கேட்டதுமே நோயாளியின் கை கட்டில் கம்பியை இறுகப் பற்றிக்கொள்கிறது. காயத்தை இன்னும் யாரும் தொடவில்லை. அதற்குள் உடம்பு நடுங்கத் தொடங்கிவிடுகிறது. மருந்தை ஏற்றிக்கொண்டே போனால் மூச்சு தாழும். அறிதுயிலுக்கு வேலை இருப்பது இங்கேதான்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், ஹார்பர்வியூ மருத்துவமனையில், உளவியலாளர் டேவிட் பேட்டர்சனும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார்கள். டிரஸ்ஸிங்குக்கு முன்னதாகவே உளவியலாளர் படுக்கையருகே அமர்ந்து, நோயாளியைப் படிப்படியாக ஆழ்ந்த அமைதிக்குக் கொண்டுபோகிறார். பின்னர் செவிலியர் தோளைத் தொடும்போது அதே அமைதி திரும்பி வரும் என்று நோயாளியின் மனத்தில் பதிய வைக்கிறார். கட்டுப் பிரிக்கும் நேரத்தில் உளவியலாளர் அங்கே இல்லாவிட்டாலும் செவிலியரின் கை போதும். மருந்து வழக்கம்போல் தொடரும்.

1992இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 30 நோயாளிகள் மூன்று குழுக்களாக இருந்தார்கள். அறிதுயில் பெற்ற குழுவில் மட்டுமே வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. 1997இல் 61 பேரிடம் செய்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமானது. மொத்தமாகப் பார்த்தபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை. தொடக்கத்திலேயே கடும் வலியில் இருந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதுதான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நம் வார்டுகளில் அதிகமாக அலறுபவரை, கையைத் தட்டிவிடுபவரை, 'ஒத்துழைக்காத நோயாளி' என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆய்வு சொல்வதைப் பார்த்தால், அறிதுயிலை முதலில் அவருக்குத்தான் தர வேண்டும்.

இதெல்லாம் வெறும் கற்பனை என்பவர்களுக்கும் விடை இருக்கிறது. அதே 1997இல் ஆய்வாளர் பியர் ரேன்வில் குழுவினர் மூளைப் படங்களை வெளியிட்டார்கள். கையைச் சுடுநீரில் வைத்திருந்தவர்களுக்கு வலியின் வேதனை கூடுகிறது, குறைகிறது என்று அறிதுயிலில் சொல்லப்பட்டபோது, மூளையின் முன் சிங்குலேட் புறணி என்ற பகுதியின் இயக்கமும் அதற்கேற்ப மாறியது. தண்ணீரின் சூடு மாறவில்லை.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற மருத்துவர் அறிதுயிலுக்கு முன்னோடியான மெஸ்மெரிச முறையில் அறுவைகள் செய்தார். மறு ஆண்டே ஈதர் என்ற மயக்க மருந்து வந்தது. அந்த முறை ஓரங்கட்டப்பட்டது. அறுவைக்கு ஈதர் வந்தது நல்லதே. ஆனால் மருந்து வந்துவிட்டால் மனத்துக்கு வேலையில்லை என்ற எண்ணம் அப்போதிருந்தே நம்மிடம் ஊறிவிட்டது. தீக்காயப் பிரிவில் இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

எல்லோருக்கும் அறிதுயில் ஒரே அளவில் பலிக்காது. பயிற்சி இல்லாதவர் கையில் இதைக் கொடுக்கவும் கூடாது.

ஆகவே, இங்கே கூடியிருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. ஊர் திரும்பியதும் ஒவ்வொரு டிரஸ்ஸிங்குக்கு முன்பும் பின்பும் நோயாளி சொல்லும் வலியின் அளவைக் கேஸ் ஷீட்டில் எழுதத் தொடங்குங்கள். யாருக்கு வலி மிகுதி என்பது அதில் தெரிந்துவிடும். அவரிடம் உளவியலாளரை அனுப்புங்கள். பக்கத்தில் டிரஸ்ஸிங் சிஸ்டரையும் உட்காரவைத்துப் பழக்குங்கள்.