ஒழுகும் அலுமினியப் படகும் அதைச் செப்பனிடும் முறையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் எனக்கு அத்துறையில் புலமை இல்லை. ‘உமக்குத் தெரிந்ததைப் பேசும்’ என்று செயலாளர் அவர்கள் பணித்தமையால் ஒழுகும் படகைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். திருப்பதியில் படகேது என்று சிலர் நகைக்கலாம். 2022ஆம் ஆண்டில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது சூளூர்ப்பேட்டையும் தடாவும் பழவேற்காட்டு ஏரியின் வடபகுதியும் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தன. ஆகவே மலையடிவாரத்து மக்களாகிய நாமும் இன்று உப்பங்கழிக்கு உரியவர்களே!

என் தமக்கையாரின் கணவர் அவ்வேரிக் கரையில் மீன்பிடித் தொழில் செய்பவர். அங்கே மரப்படகும் கண்ணாடியிழைப் படகுமே மிகுதி. அவரோ ஏலத்தில் எடுத்த பழைய அலுமினியப் படகொன்றை வைத்திருக்கிறார். ஆழம் குறைந்த ஏரியாதலால், கனமற்ற அப்படகு அவருக்குப் பெரிதும் பயன்பட்டது. ஏரியில் வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்திற்குப் ‘பாடு’ என்று பெயர். தம் பாடு வரும் நாளில் படகு இறங்கவில்லையெனில் அன்றைய இறால் கைவிட்டுப் போயிற்று. மீண்டும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே படகின் ஒழுக்கு அடுப்பங்கரை வரை வந்து சேரும்.

மரப்படகின் ஒழுக்கிற்குக் கலப்பற்று உண்டு. இடுக்கில் பஞ்சையோ நாரையோ திணித்துப் பிசின் பூசுவர். பலகையும் நீரில் ஊறிப் பருத்து இடுக்கைத் தானே நெருக்கிக்கொள்ளும். சென்னையில் துறைமுகம் கட்டப்படுமுன் கப்பற் பயணிகளைக் கரைசேர்த்த மசூலாப் படகு, ஆணியே இன்றிக் கயிற்றால் தைத்தது. அதில் நீர் புகுவது இயல்பு, இறைத்துக்கொண்டே செல்வர். உலோகமோ ஊறுவதில்லை, பருப்பதுமில்லை. தகடுகளை இணைக்கும் தறையாணி, அதாவது நாம் ரிவிட்டு என்பது, தளர்ந்தால் தளர்ந்ததுதான். அலை மோதுவதாலும் இயந்திரம் அதிர்வதாலும் அது தளர்கிறது.

இப்படகை முன்னர் ஒரு பட்டறையில் செப்பனிட்டார்கள். தளர்ந்த ரிவிட்டுகளைக் கழற்றிவிட்டுப் பித்தளைத் திருகாணிகளைப் பூட்டிக் கீலும் பூசி அனுப்பினார்கள். சில திங்களில் ஒவ்வோர் ஆணியைச் சுற்றிலும் வெண்பொடி பூத்தது, துளை பெரிதாயிற்று. காரணம் எளிது. இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்புநீரில் கிடந்தால் மின்கலம்போல் ஆகிவிடும். அங்கே கரைவது அலுமினியமே. பித்தளை அப்படியே இருக்கும், படகு தேயும்.

தாய்மார்கள் இதன் உறவினரை அறிவார்கள். உப்பும் புளியும் கிடந்த அலுமினியப் பாத்திரத்தில் ஊசித்துளை விழுவதுண்டு. அலுமினியத்தின்மேல் இயற்கையாகவே படியும் மெல்லிய ஆடை அதைக் காக்கிறது. அவ்வாடையை உப்பு கிழிக்கும். ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் 1898ஆம் ஆண்டில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் இப்பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். அமெரிக்காவில் கிரம்மன் விமான நிறுவனம், விமானத்திற்குத் தகடு பிணைத்த அதே கைத்திறனைக் கொண்டு 1945இல் சிறு படகுகள் செய்யலாயிற்று. அடுக்களையும் ஆகாயமும் படகிற்கு இவ்வளவு நெருக்கம்!

ஒழுக்கைக் காண்பது எப்படி? வெளியிலிருந்து உற்றுப் பார்த்துப் பயனில்லை. படகைக் கட்டைகளின்மேல் ஏற்றி, உள்ளே நீர் ஊற்றி, அடியிற் படுத்துப் பார்க்கவேண்டும். சொட்டும் இடத்தைச் சுண்ணக்கட்டியாற் குறிக்கலாம். காதில் செருகிய பென்சிலால் ஆகாது. அதிலுள்ள கிராபைட்டும் அலுமினியத்திற்குப் பகையே. என்போன்ற எழுத்தர்களுக்கு இது புதுச்செய்தி! நீரையும் அளவோடு ஊற்றவேண்டும். நான்கு மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள அடித்தளத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் நின்றாலே 480 கிலோ எடை. தாங்கல் போதாவிடில் அடித்தகடு வளையும்.

சொட்டாத ரிவிட்டையும் சோதித்தல் நன்று. இரயில்வே பாலங்களில் செய்வதுபோல், ஒரு பக்கம் விரலை வைத்து மறுபக்கம் சிறு சுத்தியால் தட்டினால் தளர்ந்தது விரலுக்குத் தெரியும். அதை இறுக்க இருவர் வேண்டும். ஒருவர் தலைப்பக்கம் கனத்த இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க, மற்றவர் வால்பக்கத்தை அளவாக அடிக்கவேண்டும். துளை பெருத்திருந்தால் பழையதைத் துளைத்தெடுத்து, அடுத்த பருமனுள்ள அலுமினிய ரிவிட்டைப் பாலியூரித்தேன் பிசினில் தோய்த்து ஏற்றவேண்டும். நடுவே துளையுள்ள ரிவிட்டு கூடாது. அத்துளை வழியே நீர் வரும். நாங்கள் பித்தளையை எல்லாம் களைந்து இவ்வாறே செய்தோம். பிசின் இறுக வேண்டிய நாளையும் கொடுத்தோம். பாடு நாளுக்குப் படகு ஆயத்தமாயிற்று.

விரிசல் மட்டும் வேறு வகை. அதன் இரு முனையிலும் சிறு துளையிட்டால் மேலும் ஓடாது. பிறகு அதே உலோகத் தகட்டை ஒட்டாக வைத்து, இடையே பிசினிட்டு ரிவிட்டு அடிக்கவேண்டும். பற்றவைத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேலுள்ள ஆடையோ 2000 டிகிரிக்கும் மேல்தான் உருகும். ஆடை உருகுமுன் மெலிந்த பழந்தகடு ஓட்டையாகிவிடும். ஆர்கான் வாயுவும், அதற்குரிய கருவியும், பழகிய கையும் உள்ள இடத்தில் அதைச் செய்விக்கலாம். மற்ற இடங்களில் ரிவிட்டே போதும்.