சும்மா நின்றவர்கள்



மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்கள் கதை வருகிறது. விடியற்காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. கடைசி நேரத்தில் மனந்திரும்பினாலும் பரலோகம் உண்டு என்பதோடு நெல்லைச் சீமைப் பிரசங்கங்கள் இதை முடித்துவிடும். கூலியைக் கூலியாகவே வாசித்துப் பார்ப்போம்.

ஐந்து மணிக்கு நிற்பவர்களிடம், பகலெல்லாம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரன் கேட்கிறான். இந்தச் 'சும்மா' நம் வீட்டுப் பழைய வேதாகமத்துச் சொல். வரப்பில் குடை பிடித்து நின்றவர்கள் நம் பாட்டன் பூட்டனைப் பார்த்துச் சொன்ன சொல்லும் அதுதான். கிரேக்க மூலத்தில் இருப்பது 'ஆர்கோஸ்'. 'எர்கோன்' என்றால் வேலை. முன்னால் 'அ' சேர்ந்தால் வேலையற்ற. சோம்பேறி என்ற பொருளும் அதற்கு உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் எருசலேம் ஆலயப் பணி முடிந்து 18,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்ததை எழுதும்போது, அதே நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு இதே வேர்ச்சொல்லைத்தான் கையாளுகிறார். அந்தப் பணியில் ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் உடனே கூலி கிடைத்தது என்றும் சொல்கிறார். அவர்களை அவர் சோம்பேறிகள் என்று சொல்லவில்லை.

நிலம் பெரிய கைகளுக்குப் போய், வரியிலும் கடனிலும் சிக்கியவர்கள் சந்தையில் நின்று கூலி தேடிய காலம் அது. ஒரு தினாரி ஒரு குடும்பத்தின் அன்றாடப் பாடு. பொழுது சாயுமுன் ஏழையின் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமச் சட்டம். கதையில் கூலி சாயங்காலம் கொடுக்கப்படுவது அதனால்தான்.

அதற்காகத் தோட்டக்காரனைக் கடவுளாக்க நமக்கு மனமில்லை. என்னுடையதை என் இஷ்டப்படி செய்யக் கூடாதா என்று கேட்பவனும் அவனே. இன்று தாராளம், நாளைக்கு?

மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலைத் தொழிலாளர்கள் தாராளம் கேட்கவில்லை. கூலி உயர்வும், சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் ஒன்று. ஆற்றில் ஏன் இறங்கினார்கள் என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. பகலெல்லாம் ஏன் நிற்கிறீர்கள் என்ற அதே கேள்வி!

கதையில் அந்தக் கடைசி ஆட்கள் பேசுவது ஒரே பதில்: எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. 2024இல் விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு மாஞ்சோலையில் வேலையை நிறுத்தினார்கள். அங்கேயே நாலு தலைமுறையாய்த் தேயிலை பறித்தவர்கள் இப்போது வேலையில்லாமல் நிற்கிறார்கள்.