நட்பு என்னும் ரயில் நிலையம்

கஸக்ஸ்தான் தேசத்தின் கிழக்கு எல்லையில், ஓயாமல் காற்று வீசும் சுங்காரியக் கணவாயின் அருகே, தோஸ்திக் என்றொரு ரயில் நிலையம் இருக்கிறது. சோவியத் ஆட்சியில் அதன் பெயர் துருஷ்பா. முன்னது கஸக் மொழி, பின்னது ரஷ்ய மொழி. இரண்டுக்கும் அர்த்தம் நட்பு என்பதே. நம் ஊர்ப் பேச்சில் வழங்கும் ‘தோஸ்து’ என்ற சொல்லும் அதே பாரசீக வேரில் கிளைத்ததுதான்.

1950களில் சோவியத் நாடும் சீனாவும் இருபுறமிருந்தும் தண்டவாளம் போட்டு அந்த எல்லையில் சந்திப்பதாக ஒப்புக்கொண்டு, சோவியத் பக்கத்துப் பாதை எல்லைவரை வந்து சேர்ந்த பிறகு, இரண்டு அரசுகளுக்கும் மனஸ்தாபம் முற்றிவிட்டதால், சீனத்துப் பாதை உரும்சி நகரத்தோடு நின்றுபோயிற்று. நட்பு என்று பெயர் சூட்டப்பட்ட நிலையம் ஏறக்குறைய 30 ஆண்டுகள் வராத ரயிலுக்காகக் காத்துக் கிடந்தது. 1990 செப்டம்பரில்தான் இரண்டு பாதைகளும் கூடின.

கூடியும் ஒன்றாகிவிடவில்லை. ஜார் காலத்திலிருந்து ரஷ்யா கைக்கொண்ட அகலப் பாதை இன்று 1520 மில்லிமீட்டர். சீனப் பாதையோ 1435. வித்தியாசம் நாலு விரற்கடைதான். அதற்காக அத்தனை சரக்கும் வண்டி மாறியாக வேண்டும். இரண்டு ரயில்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, பாரந்தூக்கியின் கொக்கிகள் சரக்கு நிரம்பிய கொள்கலப் பெட்டியின் நான்கு மூலைகளையும் பற்றித் தூக்கி, அடுத்த வண்டியின் மேல் அலுங்காமல் இறக்குகின்றன. மேற்கே போலந்தின் வாசலான, பெலாரஸ் நாட்டுப் பிரெஸ்டில் மறுபடியும் 1435 மில்லிமீட்டர் பாதை தொடங்குவதால், அங்கும் இதே வேலை.

இரும்பால் வந்த தடை இப்படியிருக்க, காகிதத்தால் வந்த தடையை மனிதர் பேசித் தீர்த்துக்கொண்டதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ரஷ்யா, கஸக்ஸ்தான், பெலாரஸ் ஆகிய மூன்றும் 2010இல் சுங்க ஒன்றியம் கண்டு, 2014 மே 29 அன்று அஸ்தானாவில் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்துக்கான உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. மறு வருஷம் ஆர்மீனியாவும் கிர்கிஸ்தானும் சேர்ந்தன. அதன் பயனாக, தோஸ்திக்கில் முத்திரையிட்ட பெட்டி, இடையிலுள்ள தேச எல்லைகளில் சுங்கச் சோதனைக்காகத் திறக்கப்படாமல், ஐயாயிரம் கிலோமீட்டரைக் கடந்து பிரெஸ்டை அடைய முடிகிறது.

இதைக் கண்டு கப்பல்களுக்குக் காலம் போயிற்று என்று சொல்லுவோர் கணக்குப் பாராதவர்கள். இருபதாயிரம் பெட்டிகளுக்குமேல் சுமக்கும் கப்பலுக்கு ஈடாக எத்தனை ரயில்கள் ஓட வேண்டும்! ஆனால் 2017 ஜனவரியில் சீனத்தின் ஈவூ நகரிலிருந்து சுமார் 12,000 கிலோமீட்டர் சென்று லண்டனை அடைந்த ரயிலுக்கு 18 நாட்களே பிடித்தன. கடல்வழியில் ஒரு மாதத்துக்கு மேலாகும். கணினி, வாகன உறுப்புகள் போன்ற விலையுயர்ந்த சரக்குக்கு அந்தச் சில நாட்களே லாபம்.

பெருங்கடலைத் தொடாத தேசங்களில் மிகப் பெரியதான கஸக்ஸ்தானுக்கோ இந்தத் தண்டவாளமே துறைமுகம். அந்தப் புல்வெளி நாட்டுக் குடியானவன் விளைத்த கோதுமை, 2017இல் எல்லை கடந்து, சீனத்தைக் குறுக்காகத் தாண்டி, மஞ்சள் கடலோரத்து லியான்யுன்காங்கில் கப்பலேறி, வியட்நாமுக்குச் சென்றது.