பின்னலில் தெரியும் மாவின் குணம்

யூதர்களின் வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலை மேசைக்கு வரும் ஹல்லா என்ற ரொட்டியைப் பற்றி இன்று பேசுகிறேன். பொன்னிறமாகப் பளபளக்கும், மெத்தென்ற பின்னல் ரொட்டி அது. மாவிலேயே பூவும் இலையும் செய்து மேலே ஒட்டும் அலங்கார ரொட்டிகள் எத்தனையோ உண்டு. ஹல்லாவை அவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிக்கிறேன். இதில் அலங்காரம் என்று தனியாக எதுவும் இல்லை. மாவு சரியில்லை என்றால் எவ்வளவு நுணுக்கமாகப் பின்னினாலும் ஓவன் சூட்டில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்ணக் கூடாது என்பது யூதர்களின் உணவு நெறி. சப்பாத் என்னும் ஓய்வுநாள் விருந்தில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும்; அதனால் ரொட்டியில் பால், வெண்ணெய் சேர்ப்பதில்லை. சுவிட்சர்லாந்தில் ஞாயிறு காலை உண்ணும் சோஃப் என்ற பின்னல் ரொட்டி பாலாலும் வெண்ணெயாலும் மென்மை பெறுகிறது. ஹல்லாவுக்கு அதே மென்மையை முட்டையும் எண்ணெயும் கொடுக்கின்றன. வெள்ளியன்று சூரியன் மறைந்தால் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால் சுடும் வேலை முழுவதும் பகலிலேயே முடிந்தாக வேண்டும். மேசையில் இரண்டு ரொட்டிகள் வைப்பார்கள். பாலைவனத்தில் முன்னோர்களுக்குக் கிடைத்த மன்னா, ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாகக் கிடைத்ததன் நினைவு அது.

வீட்டில் செய்ய 500 கிராம் மைதா, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 2 முட்டை, 60 கிராம் சர்க்கரை, 60 மில்லி எண்ணெய், 9 கிராம் உப்பு போதும். தண்ணீர் 150 மில்லியில் தொடங்குங்கள். மென்மை வேண்டும் என்று பலரும் தண்ணீரைக் கூட்டிவிடுகிறார்கள். பின்னல் ரொட்டிக்கு அது ஆகாது. தளர்ந்த மாவு சூட்டில் பரவி, பின்னலின் கோடுகள் மங்கிப் போகும். சற்று இறுக்கமாகவே பிசைந்து, இரண்டு மடங்காக உப்பும் வரை மூடி வையுங்கள். நம் ஊர் வெயிலில் சீக்கிரமே உப்பிவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்.

அடுத்தது பின்னலுக்கான திரிகளை உருட்டுவது. இதில்தான் பொறுமை வேண்டும். உருட்ட உருட்ட மாவு சுருங்கிக் குறுகும். அப்போது மல்லுக்கு நிற்காதீர்கள். பத்து நிமிடம் மூடி வைத்தால் மாவின் இழுவிசை தளர்ந்து, சொன்னபடி நீளும். உருட்டும்போது மேசையில் மாவு தூவினால் திரி வழுக்கும். உருட்டி முடித்த பிறகு திரிகளின் மேல் லேசாகத் தூவுங்கள்; ஒன்றோடொன்று ஒட்டாமல் கோடுகள் தெளிவாக நிற்கும்.

மூன்று கால் பின்னல் தலை பின்னுவது போலவே. நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் பின்னினால் இரண்டு முனையும் ஒரே அளவில் அமையும். ஆறு கால் பின்னலுக்குத் தனி மதிப்பு உண்டு. இரண்டு ரொட்டிக்குமாகப் பன்னிரண்டு திரிகள். எருசலேம் ஆலயத்தில் வைத்த பன்னிரண்டு அப்பங்களை அது நினைவூட்டுவதாகச் சொல்வார்கள். என் கண்ணுக்கு நான்கு கால் பின்னலே நிறைவானது. மூன்று கால் சற்றுத் தட்டையாகிவிடும். நான்கு கால் திரண்டு எழும்பும். யூதப் புத்தாண்டுக்கு ஹல்லாவை வட்டமாகச் சுற்றி, பெரும்பாலும் உலர்திராட்சை சேர்த்து, தேனில் தொட்டு உண்பார்கள்.

எந்தப் பின்னலானாலும் தளரப் பின்னுங்கள். மறுபடி உப்பியதும் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி மெல்ல நிமிர்ந்தால் சுடலாம். அவசரப்பட்டால் ஓவனில் சட்டென்று வீங்கி, பின்னலின் மடிப்புகளில் வெள்ளையாகக் கிழியும். தாமதித்தால் பின்னலே அமுங்கிவிடும். அடித்த முட்டையைப் பின்னியவுடன் ஒரு முறையும், ஓவனில் வைக்கும் முன் ஒரு முறையும் பூசினால் அந்தப் பளபளப்பு வரும். 175 டிகிரி செல்சியஸில் முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம் போதும்.

நன்றாக ஆறிய பிறகு கத்தி வேண்டாம், கையால் பிய்யுங்கள். நார் நாராகப் பிரிந்து வந்தால் பிசைந்தது போதும். பொலபொலவென்று உதிர்ந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிசையுங்கள்.