மடியில் கனம், வழியில் பயம்

(திருவனந்தபுரம் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டுப் பயணத்தில் கைச்செலவுப் பணத்தை எப்படிக் கொண்டு போவது, எப்படிக் காப்பாற்றுவது என்று பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். ஆனால் உத்தியோகம் பார்த்ததெல்லாம் கேரள அரசின் கருவூலத் துறையில். ட்ரெஷரிக்காரனுக்குப் பணத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்று அவர் நினைத்திருப்பார். எனக்கும் ஒரு காலத்தில் அந்த நினைப்பு இருந்தது. அது எப்படிப் போயிற்று என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

2014 ஜூன் மாதம். மகள், மாப்பிள்ளை, ஆறு வயதுப் பேரன், என் சகதர்மிணி, நான் என ஐந்து பேர் லண்டன் போயிருந்தோம். பணம் முழுவதும் என் பொறுப்பு. பவுண்டு நோட்டுகள், ஃபாரெக்ஸ் கார்டு, பாஸ்போர்ட்டுகள், கைப்பேசி, ரயில் டிக்கெட்டுகள் எல்லாவற்றையும் ஒரே இடுப்புப் பையில் போட்டுச் சட்டைக்குள் கட்டியிருந்தேன். திருடன் என்னையே தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு என்று மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு நாள் மகளும் மாப்பிள்ளையும் மியூசியம் பார்க்கப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் பேரனை அழைத்துக்கொண்டு, ஈஸ்ட் ஹாம் பக்கம் உள்ள முருகன் கோயிலுக்குக் கிளம்பினோம். வழியில் மைல் எண்ட் ஸ்டேஷனில் வண்டி மாற வேண்டும். அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம் அடுத்த வண்டி வந்து நின்றது. நான் முதலில் ஏறித் திரும்பினேன். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் அவளும் குழந்தையும்.

அடுத்த ஸ்டேஷன் போ ரோடு. அங்கே இறங்கி, பின்னால் வரும் வண்டியில் அவள் வருவாள் என்று காத்திருந்தேன். நான் திரும்பி வருவேன் என்று அவள் மைல் எண்டில் காத்திருந்தாள். நான்கு வண்டிகள் வந்து போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

திருடன் என் பையைத் தொடவில்லை. ஒரு பென்னிகூடக் குறையவில்லை. ஆனால் பை பத்திரமாக இருந்த அந்த முக்கால் மணி நேரமும், யாருக்காக அதைச் சுமந்தேனோ அவள் கையில் காலணா இல்லை. கரமனை கிராமத்தில் பால், காய்கறி, பூ என்று வீட்டுக் கணக்கு முழுவதையும் நடத்துகிறவள் அவள். அன்று அவள் சுருக்குப்பையில் இருந்தது முந்நூறு ரூபாய் இந்திய நோட்டு. பேரன் தண்ணீர் கேட்டு அழுதிருக்கிறான். அழுகையைக் கேட்டு இலங்கைத் தமிழ்ப் பெண்மணி ஒருவர் வந்து, "நீங்கள் தமிழோ அம்மா? பிள்ளை ஏன் அழுகுது?" என்று விசாரித்து, தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, நான் வரும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார்.

என் சகதர்மிணி என்னைக் கோபிக்கவில்லை. இரவு ஹோட்டலில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நம்ம ஊர்ல என் கையில எப்பவும் நாலு காசு இருக்கும். இங்கே அழைச்சுண்டு வந்து என்னையும் குழந்தையா ஆக்கிட்டேளே." அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் என் உத்தியோகத்திலேயே இருந்தது. கருவூலத்தின் பாதுகாப்பு அறைக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி ஒருவரிடம், மற்றது வேறொருவரிடம். அதிகாரி எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் இரண்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது. வருஷக்கணக்காக அந்த விதிப்படி நடந்தவன், சொந்தக் குடும்பத்தின் எல்லாச் சாவிகளையும் ஒரே இடுப்பில் கட்டிக்கொண்டேன். நம் முன்னோர்கள் இதில் சமர்த்தர்கள். தூர தேசம் போகிற வியாபாரி ரொக்கத்தைச் சுமக்காமல், இங்கே பணத்தைக் கட்டி, போகிற ஊரில் மாற்றிக்கொள்ள உண்டியல் என்ற சீட்டு வாங்கிப் போவான். வழிச்செலவுக்கு மட்டும் காசு. இன்றைய ஃபாரெக்ஸ் கார்டு அந்த உண்டியலின் பேரன்தான்.

இனி விதிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சட்டம். இந்தியாவில் குடியிருக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்குக் கொண்டு போகவோ அனுப்பவோ ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 2004-ல் இத்திட்டம் தொடங்கியபோது வரம்பு 25,000 டாலர். இது குடும்பத்துக்கு அல்ல, நபருக்கு. சட்டமே மனைவியைத் தனி நபராக எண்ணுகிறது. நாம்தான் எண்ணுவதில்லை. இதில் நோட்டாகக் கொண்டு போகக்கூடியது, சில நாடுகள் நீங்கலாக, ஒரு பயணத்துக்கு 3,000 டாலர். மீதி கார்டில் இருக்க வேண்டும். இந்திய ரூபாய் 25,000 வரை கையில் இருக்கலாம். திரும்பி வந்து ஆட்டோவுக்குக் கொடுக்க உதவும்.

இரண்டாவது, அறிவிப்பு. அமெரிக்காவுக்குள் 10,000 டாலருக்கு மேல் கொண்டு போனால் சுங்கத்தில் சொல்ல வேண்டும். சேர்ந்து பயணம் செய்யும் குடும்பத்துக்கு மொத்தமாக இந்தக் கணக்கு. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துத் தப்பிக்க முடியாது. இந்தியாவுக்குத் திரும்பும்போது நோட்டு மட்டும் 5,000 டாலருக்கு மேலோ, எல்லாம் சேர்த்து 10,000 டாலருக்கு மேலோ இருந்தால் அறிவிக்க வேண்டும். கொண்டு வருவது குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம்.

மூன்றாவது, பங்கீடு. ரொக்கத்தைப் பெரியவர்கள் அனைவரும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு நாள் செலவுக்கான சில்லறை நோட்டும் நாணயமும் தனியாக இருக்கட்டும். ஹோட்டல் முகவரியும் இரண்டு தொலைபேசி எண்களும் காகிதத்தில் எழுதி எல்லோர் பையிலும் இருக்க வேண்டும், குழந்தையின் பையிலும்கூட. இரண்டு கார்டுகள் இருந்தால் இரண்டு வேறு கணக்குகளாக, இரண்டு பேரிடம் இருக்கட்டும். விமானத்தில் சரக்காக ஏற்றும் பெட்டியில் பணமோ பாஸ்போர்ட்டோ வைக்கவே கூடாது.

நான்காவது, கார்டு. 2020 முதல் புதிய கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும்படி வருகின்றன. வெளிநாட்டு உபயோகத்தை நாம்தான் திறந்துவிட வேண்டும். இதைக் கிளம்பும் முன் இங்கேயே செய்யுங்கள். ஓ.டி.பி. வருகிற சிம் கார்டுக்கு ரோமிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே கடையிலோ ஏ.டி.எம்.மிலோ ரூபாயில் கணக்கிடட்டுமா என்று கேட்கும். நம் பணம்தானே என்று 'சரி' போடாதீர்கள். பெரும்பாலும் அந்த மாற்று விகிதம் நமக்கு நஷ்டம். அந்த ஊர்ப் பணத்திலேயே கொடுங்கள்.

ஐந்தாவது, மிச்சம். 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதைத் திரும்பிய 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். வைத்திருப்பதையும் மறந்துவிடாதீர்கள். அன்று மிஞ்சிய காகிதப் பத்துப் பவுண்டு நோட்டுகள் என் பீரோவில் தூங்கின. 2018 மார்ச் முதல் அவை கடைகளில் செல்லாது. இங்கிலாந்து வங்கியில் மாற்றிக்கொள்ளலாம். 2016 நவம்பரில் நம் 500, 1,000 ரூபாய்க்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகும் நான் விழித்துக்கொள்ளவில்லை.

கடைசியாக, காசில்லாத ஒரு விதி. பிரிந்துவிட்டால் பின்தங்கியவர் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும், முன்னே போனவர் திரும்பி வர வேண்டும். இதை வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். நாங்கள் பேசாததால்தான் அந்த முக்கால் மணி நேரம்.

2023-ல் சிங்கப்பூர் போனோம். இம்முறை அவள் பெயரில் தனிக் கார்டு, அவள் பையில் தனியாக நூறு வெள்ளி. லிட்டில் இந்தியாவில் காபி குடித்துவிட்டு நான் பையைத் தேடுவதற்குள் அவளே பணத்தைக் கொடுத்துவிட்டாள். ஊர் திரும்பும்போது அவள் கணக்கில் பதினெட்டு வெள்ளி மிச்சம், என் கணக்கில் துண்டு.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். கனத்தைப் பங்கிட்டுக்கொண்டால் பயமும் குறைகிறது. அடுத்த பயணத்துக்குப் பணம் மாற்றப் போகும்போது ஆத்துக்காரியையும் வங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள்.