பட்டியலில் ஒரு காற்புள்ளி

ஆங்கிலம் கற்பிப்போரும் மொழிபெயர்ப்போரும் கூடியிருக்கும் இம்மாநாட்டுக்குத் தலைமையேற்க என்னை அழைத்திருக்கிறீர்கள். ஆங்கிலப் பட்டியலின் கடைசிச் சொல்லுக்கு முன் வரும் 'அண்ட்', 'ஆர்' இவற்றுக்கு முன்னால் காற்புள்ளி வேண்டுமா என்ற கேள்வியோடு அரங்கைத் தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் மைன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். உணவுப்பொருளைப் பதப்படுத்துதல், உறையவைத்தல், உலர்த்துதல் என்று நீளும் வேலைகளுக்கு அந்த ஊதியம் கிடையாது என்றது சட்டம். பட்டியலின் வால் இது: 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்'. 'ஷிப்மென்ட்'டுக்குப் பின் காற்புள்ளி இல்லை. அனுப்பவோ விநியோகிக்கவோ பொதி கட்டுவது ஒரே வேலை, நாங்கள் பொதி கட்டுவதில்லை என்றார்கள் ஓட்டுநர்கள். விநியோகம் தனி வேலை என்றது நிறுவனம். இல்லையென்றால் 'பேக்கிங்'குக்கு முன் ஓர் 'ஆர்' வந்திருக்க வேண்டுமே என்றது. நல்ல கேள்விதான். மற்ற வேலைகளெல்லாம் 'இங்' என்று முடிய, 'டிஸ்ட்ரிபியூஷன்' மட்டும் ஏன் மாறி நிற்கிறது என்றது ஓட்டுநர் தரப்பு. கீழ் நீதிமன்றத்தில் நிறுவனம் வென்றது. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, இரு பொருளுக்கும் இடமிருப்பதால் ஊதியச் சட்டத்தைத் தொழிலாளருக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. உழைத்தவர்களின் கூலிக்காக நீதிபதிகள் இலக்கணம் பார்க்க வேண்டியிருந்தது.

பட்டியலின் கடைசிச் சொல்லுக்கு முன் வரும் அக்காற்புள்ளிக்கு 'ஆக்ஸ்ஃபோர்டு காற்புள்ளி' என்ற பெயர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வழக்கத்தை ஒட்டி வந்தது. சிகாகோ நடைக் கையேடு அதை வேண்டும் என்கிறது. செய்தித்தாள்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. மைனின் சட்ட வரைவுக் கையேடும் விடச் சொல்லியிருந்தது. இந்தக் கட்சிகளில் நான் சேரவில்லை. எந்த விதியும் தனியே காப்பாற்றாது. 'மை பேரன்ட்ஸ், தி ஹெட்மாஸ்டர் அண்ட் தி வார்டன்' என்று மாணவர் நன்றி எழுதினால், தலைமையாசிரியரும் விடுதிக் காப்பாளரும் அவருக்குப் பெற்றோராகிவிடுகிறார்கள். காற்புள்ளி இட்டால் தீரும். ஆனால் 'மை மதர், தி ஹெட்மிஸ்ட்ரஸ், அண்ட் தி வார்டன்' என்னும்போது அதே காற்புள்ளியால் தாயே தலைமையாசிரியையாகவும் தோன்றுகிறார். அங்கே வரிசையைத்தான் மாற்ற வேண்டும்.

நம் மாணவர் இதில் தடுமாறுவது இயல்பு. 'தாயும் ஆசிரியையும் காப்பாளரும்' என்று நம் எண்ணும்மை ஒவ்வொரு பெயரோடும் ஒட்டி நின்று ஆளைப் பிரித்துக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் 'அண்ட்' பொதுவாகக் கடைசியில் ஒருமுறைதான்; மற்ற மூட்டுகளைக் காற்புள்ளியே தாங்குகிறது.

தெளிவு மட்டுமல்ல, அழுத்தமும் காற்புள்ளியின் வேலை. 2020 ஜனவரியில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது வந்த 50 பென்ஸ் நாணயத்தில் அமைதி, வளம், எல்லா நாடுகளோடும் நட்பு என்ற பொருளில் ஒரு வாசகம்; கடைசிக் காற்புள்ளி இல்லை. நாணயத்தையே புறக்கணிக்க வேண்டும் என்றார் எழுத்தாளர் பிலிப் புல்மன். பொருள் பெரிதாக மயங்கவில்லை. ஆனாலும் அங்கே குரல் ஒரு கணம் நின்றிருந்தால் நட்பு தனித்து ஒலித்திருக்கும். அந்த நிறுத்தத்தை நான் இழக்க விரும்பமாட்டேன்.

மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குப் பின் மைன் சட்டமன்றம் அந்த ஊதியச் சட்டத்தில் வேலைக்கு வேலை அரைப்புள்ளி இட்டு, 'டிஸ்ட்ரிபியூட்டிங்' என்றும் திருத்தியது. பழைய வடிவமும் புதிய வடிவமும் உங்கள் கோப்பில் இருக்கின்றன. இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முதல் அமர்வை அதிலிருந்தே தொடங்குவோம்.