காலையில் நொண்டும் பிள்ளை

(தோட்டப் பிரிவுகளின் மாதர் கூட்டத்தில் எமது சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசாத கூட்டத்துக்கு ஆள் வராது என்று சிலர் எங்களிடம் சொன்னார்கள். மழைத் தூறலில் ஞாயிற்றுக்கிழமை வேலையெல்லாம் போட்டுவிட்டு நீங்கள் வந்து இந்தப் பிள்ளை மடுவத்தை நிறைத்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

எங்கள் பிரிவுகளில் ஒன்றில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். பெயர் வேண்டாம். தாயின் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது காலையில் எழும்பினால் வலது காலை ஊன்ற முடியாது. நொண்டி நொண்டி பீலிக்குப் போவாள். பத்து மணியானால் ஓடி விளையாடுவாள். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்புச் சொன்னோம்: பள்ளிக்கூடத்துக்குப் போகக் கள்ளம். பனிக் காலத்தில் பென்சில் பிடிக்க விரல் மடங்கவில்லை என்று அழுதாள். அதற்கும் அடி வாங்கினாள். தோட்ட மருந்தகத்தில் பனடோல் கிடைத்தது. பக்கத்து லயத்துப் பாட்டி எண்ணெய் தேய்த்து விட்டார். கோயிலில் நூல் கட்டினார்கள். இப்படியே எட்டு மாதம் போனது.

கடைசியில் முழங்கால் வீக்கத்தைப் பார்த்த ஓர் அரசாங்க டொக்டர் கடிதம் எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சிறுவர் மூட்டுவாதம் என்று அங்கே கண்டுபிடித்தார்கள். கண்ணையும் பார்த்தார்கள். இடது கண்ணில் பார்வை ஏற்கெனவே குறைந்திருந்தது. அந்தக் கண் சிவக்கவும் இல்லை, வலிக்கவும் இல்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வாதம் கிழடுகளுக்கு வருவது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அது பிழை. உலகக் கணக்குப்படி ஆயிரம் பிள்ளைகளில் சுமார் ஒருவருக்கு இந்த மூட்டுவாதம் வருகிறது. பதினாறு வயதுக்கு முன் தொடங்கி, ஒரு மூட்டில் ஆறு கிழமைக்கு மேல் வீக்கம் நின்றால், வேறு காரணமும் இல்லை என்றால், டொக்டர்மார் இதை நினைப்பார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தி திசைமாறித் தன் சொந்த மூட்டையே தாக்குகிறது. தோட்டத்துக் காவல்காரன் கள்ளனை விட்டுவிட்டு லயத்துப் பிள்ளையைப் பிடித்து அடிப்பது போலத்தான். தாய் கர்ப்பகாலத்தில் எதைச் சாப்பிட்டாள், எந்தக் குளிரில் நின்றாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மாமியார்மார் தயவுசெய்து இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வளரும் பிள்ளைக்குக் கால் வலி வருவது உண்மைதான். ஆனால் அந்த வலி பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் வரும், இரண்டு காலிலும் வரும். காலையில் பிள்ளை ஒன்றும் நடக்காதது போல ஓடும். மூட்டுவாதம் தலைகீழ். காலையில்தான் விறைப்பு, நேரம் போகப்போக இளகும். இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். இன்னொன்று: ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சூடாக வீங்கி, காய்ச்சலும் அடித்து, பிள்ளை அந்தக் காலை அசைக்கவே விடவில்லை என்றால் அது கிருமியாக இருக்கலாம். அதற்குக் கிளினிக் நாளைப் பார்த்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. வாகனம் இல்லை என்றால் 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். இரவில் எலும்பு வலியால் எழும்பி அழுகிற, மெலிந்து போகிற, உடம்பில் காரணமில்லாமல் நீலம் பாய்கிற பிள்ளையையும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

வாதக் காய்ச்சல் வேறு நோய். லயத்து வாழ்க்கையோடு நெருங்கிய சம்பந்தமுள்ளது இதுதான். ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். முதலில் தொண்டை நோவு. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமி. ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுத்தால் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இலகுவாகத் தொற்றும். தொண்டை ஆறி இரண்டு மூன்று கிழமை கழித்து காய்ச்சலும் மூட்டு வலியும் வரும். இன்றைக்கு முழங்கால், இரண்டு நாளில் கணுக்கால், பிறகு முழங்கை என்று வலி இடம் மாறும். பிறகு மூட்டு சுகமாகிவிடும். எல்லோரும் நிம்மதியாகிவிடுவோம். ஆனால் உள்ளே இதயத்தின் வால்வு பழுதாகத் தொடங்கியிருக்கலாம். கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மூச்சு வாங்குகிறது என்று போய், அப்போதுதான் வால்வு பழுது தெரியவந்த பெண்கள் இருக்கிறார்கள்.

இதற்கு மருந்து பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. தொண்டை நோவுக்குப் பத்து நாள் பெனிசிலின் கொடுத்தால் பத்து நாளும் கொடுங்கள், மூன்றாம் நாள் சுகம் என்று போத்தலை மூடி வைக்காதீர்கள். ஒருமுறை வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒரு பெனிசிலின் ஊசி, பல வருடத்துக்கு, ஆளாகும் வரை. இதயம் பாதித்திருந்தால் அதற்கும் மேல். ஊசி வலிக்கும், பிள்ளை அழும். ஆனாலும் தவறவிட்ட ஒரு ஊசி மறுபடி நோயைக் கொண்டுவரலாம். இந்த ஊசிக்காக ஒவ்வொரு தடவையும் கண்டிக்கு ஓட வேண்டுமா என்று ஒரு தாய் கேட்டார். கிளினிக் டொக்டரிடம் கடிதம் கேளுங்கள், பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் போட ஒழுங்கு செய்ய முடியுமா என்று கேளுங்கள். கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

மூட்டுவாதப் பிள்ளைகளுக்குப் போவோம். மெதோட்ரெக்சேட் என்ற குளிசை பலருக்குக் கொடுக்கிறார்கள். அது கிழமைக்கு ஒரே ஒரு நாள். தினமும் கொடுத்தால் ஆபத்து, உயிருக்கே ஆபத்து. இதை உரத்துச் சொல்கிறோம், ஏனென்றால் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது, வீட்டில் மருந்து கொடுப்பது பெரும்பாலும் பாட்டி. ஒரு கிழமை நாளைக் குறித்து, கலண்டரில் கீறி வையுங்கள். கூடவே கொடுக்கும் ஃபோலிக் குளிசையை நிறுத்தாதீர்கள். இரத்தப் பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். பிரட்னிசலோன் கொடுத்திருந்தால், முகம் ஊதுகிறது என்று நீங்களாகவே திடீரென நிறுத்தக் கூடாது. இந்த மருந்துகள் எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, லயத்தில் யாருக்காவது அம்மாள் போட்டிருந்தாலோ உடனே டொக்டரிடம் சொல்லுங்கள். தடுப்பூசிக்கு முன்னும் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். கண் பரிசோதனைக்குத் தேதி கொடுத்தால், கண் நன்றாகத் தெரிந்தாலும் போக வேண்டும். வருத்தக்காரப் பிள்ளை என்று படுக்க வைக்காதீர்கள், விளையாட விடுங்கள். காலையில் அரைமணி முந்தி அடுப்பு மூட்டிச் சுடுதண்ணீர் ஊற்றினால் விறைப்புக் குறையும். அந்த அரைமணி, பெரட்டுக்கு முந்திய அரைமணி என்பது எங்களுக்கும் தெரியும்.

இன்னொரு வகைப் பிள்ளைகளும் உண்டு. நிர்ப்பீடனம், அதாவது எதிர்ப்புச் சக்தி, பிறவியிலேயே குறைந்தவர்கள். வருடத்தில் இரண்டு தடவை நியூமோனியா, ஆறாத காதுச் சீழ், உடம்பு தேறாமை. முன்பு பிறந்த குழந்தைகளும், முக்கியமாக ஆண் குழந்தைகள், சின்ன வயதில் தவறியிருந்தால் அதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் இதற்கான இரத்தப் பரிசோதனை இருக்கிறது, டொக்டர்தான் ஒழுங்கு செய்வார்.

எங்கே போவது? தோட்ட மருந்தகத்தில் நின்றுவிடாதீர்கள், அங்கே இருப்பவர் நிபுணர் அல்ல. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிறுவர் வைத்திய நிபுணரைக் காட்டக் கேளுங்கள். அவர் தேவையைப் பார்த்து வாத நோய் நிபுணரிடமோ, பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ, கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார். அங்கே சிகிச்சை இலவசம். பஸ்ஸும் ஓட்டோவும் சாப்பாடும் இலவசமில்லை. அன்றைக்குப் பெயரும் இல்லை.

இங்கே எங்கள் பிழையையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண் பிள்ளையின் தாய் இரண்டாவது மாதமே எங்களிடம் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களுக்குப் பெயர் வெட்டுகிறார்கள், துரையிடம் பேசுங்கள் என்றார். சம்பளப் பேச்சுவார்த்தை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிட்டோம். அவர் கிளினிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். அந்த ஆறு மாதத்தில்தான் கண் போயிருக்கும் என்று எங்களுக்குள் ஒரு உறுத்தல் இருக்கிறது. அந்தத் தாய் இன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எங்களைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே இந்த மாதத்திலிருந்து நாங்கள் நிர்வாகங்களோடு எழுத்தில் பேசப்போவது இவைதான். நீண்டகால நோயுள்ள பிள்ளையின் கிளினிக் நாளில் தாய்க்கோ தகப்பனுக்கோ பெயர் வெட்டக் கூடாது. விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கத் தோட்ட வாகனம் தர வேண்டும். மருந்தகத்தில் இந்தப் பிள்ளைகளின் பெயரும் அடுத்த தேதியும் ஒரு கொப்பியில் இருக்க வேண்டும். மருந்துக் குறிப்பைத் தமிழில் விளக்கும்படி கேட்பது உபகாரம் கேட்பதல்ல. 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி.

நிர்வாகம் சம்மதிக்கும் வரை சும்மா இருக்க முடியாது. ஒவ்வொரு பிரிவிலும் மாதர் தலைவி, வீக்கமோ காலை விறைப்போ உள்ள பிள்ளைகளின் விபரத்தை எடுத்து வாருங்கள். ஏற்கெனவே கிளினிக் போகிறவர்கள் கொப்பியோடு வாருங்கள், மருந்துப் பெயர்களைத் தமிழில் எழுதித் தர எங்கள் குழுவில் இரண்டு பேர் உட்காருவார்கள். இன்றைக்கே தொடங்கலாம். வாசலில் மேசை போட்டிருக்கிறோம்.